பாக்கியிருந்த ஒரு வரி

பழுதான பெட்டியை அவர் கையில் வாங்க மாட்டார். மேசையின் ஓரத்தைக் கண்ணால் காட்டுவார். அங்கே வைக்க வேண்டும். வைத்ததும் ஒரு நீள நோட்டையும், அதன் முதுகில் நூலால் கட்டிய பேனாவையும் நம் பக்கம் தள்ளுவார்.

“இன்னா ஆச்சு, அதுக்கு மின்னாடி நீங்க இன்னா பண்ணீங்க. ரெண்டையும் எழுதுங்க. அப்பால நான் பாக்குறேன்.”

எழுதத் தெரியாது என்றால் “சொல்லுங்க, நான் எழுதுறேன், கீழ ரேகை வைங்க” என்பார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றால் இழுப்பறையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்து வைத்து, எது சரியாக இருக்கிறது என்று போட்டுப் பார்க்கச் சொல்வார். தப்பிக்க வழியே கிடையாது.

ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒற்றை அறை. வெளியே பலகையில் ‘பவர் சப்ளை ரிப்பேர்’ என்று மட்டும் இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, இயந்திரத்துக்கு வேண்டிய அளவில் பங்கிட்டுக் கொடுக்கும் தகரப் பெட்டிக்குத்தான் பவர் சப்ளை என்று பெயர். அதை மட்டும்தான் தொடுவார். பட்டறை இயந்திரமோ, சோதனைக்கூடக் கருவியோ, கணினியோ, எதிலிருந்து கழற்றி வந்தாலும் சரி. “அதுக்கு மேல கீறதெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் சோறு போடற ஆளு. சாப்ட்டவங்க இன்னா பண்றாங்கன்னு எனக்கு இன்னாத்துக்கு?”

நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. தினமும் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அதற்கு முன்னால் அவர்கள் குடும்பம் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் இருந்தது. கிண்டியில் ஏதோ ஒரு கம்பெனியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து சால்டரிங் வைப்பார்களே, அந்த வரிசையில் பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கிறார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. நான் அவரைக் கேட்டதைவிட அவர் என்னைக் கேட்டதுதான் அதிகம்.

அவருடைய மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்ததும் கண்ணால் பார்ப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். “கருவாட்டு வாசன வந்தா கெப்பாசிட்டரு. முடி பொசுங்கற வாசன வந்தா டிரான்ஸ்பார்மரு. ஒண்ணுமே வரலன்னாதான் சார் கஷ்டம்.”

இனி என்னைப் பற்றி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மயிலாப்பூரில் பிறந்து அங்கேயே இருப்பவன். எதையும் தேதி, கிழமை, நேரத்தோடு எழுதிவைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. தேதிகள் டைரியில் இருக்கின்றன. அவற்றை இங்கே போட்டால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று என் மனைவி கருதுவதால் கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கிழமைகளுக்கே அவள் முகம் சுளித்தாள்.

எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில்தான் இப்போது இருக்கிறோம். வாசல் மூலையில், வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. கட்டிடம் எழும்பியபோது மணலும் ஜல்லியும் அந்த மூலையை அடைத்துக்கொண்டதால் இஸ்திரிக்காரர் இரண்டு வருஷம் பக்கத்துத் தெருவில் நின்றார். மணல் போனதும் திரும்பி வந்தார். இடையில் குடிவந்தவர்கள் கண்ணுக்கு அவர் புதிதாக முளைத்த ஆள். கார் திருப்ப இடைஞ்சல் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது.

“நாங்க வரும்போது இல்லையே சார் இந்த ஆளு” என்றார் செயலாளர். “நமக்கு முன்னாடியே இருந்தார்னா விட்டுடலாம். இல்லேன்னா கார்ப்பரேஷனுக்கு மனு. அவ்வளவுதான்.”

“முன்னாடியே இருந்தார். எனக்குத் தெரியும்” என்றேன்.

“நீங்க அவர்கிட்டதான் துணி போடறீங்க. நீங்க சொன்னா எப்படி எடுத்துக்கறது? எழுத்துல ஏதாவது இருக்கா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. எழுந்து நின்றேன். “இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு தவறாமல் இந்தத் தெருவைக் கணக்கெடுத்தேன். வீடு வீடாக, மரம் மரமாக, விளக்குக் கம்பம் வரைக்கும். எல்லாம் கணினியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் வைக்கிறேன்.”

யாரும் கை தட்டவில்லை. ஆனால் வாசல் கேட் அருகே நின்ற இஸ்திரிக்காரர் காதில் விழுந்திருக்கிறது. நான் மாடியேறும்போது பின்னாலேயே வந்தார்.

“சார், அதுல நான் கீறனா?”

“எல்லாம் இருக்கு. என் குறிப்பில் விட்டுப்போனது எதுவும் கிடையாது.”

அவருக்கு அந்த மூலையை விட்டால் வேறு மூலை இல்லை. சுற்றியுள்ள தெருக்களில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு என் சட்டைக் காலர்களை அவர் இரண்டிரண்டு தடவை தேய்த்ததை மேலிருந்து பார்த்தேன்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகள் அவை. வேறு கணினியில் திறந்தால் கேள்விக்குறிகளும் கட்டங்களும் வரிசை கட்டி நிற்கும். அதே பழைய கணினியில்தான் திறக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அதைப் பரணிலிருந்து இறக்கி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். பின்பக்கம் பவர் சப்ளையில் ஒரு சிறிய சிவப்பு சுவிட்ச் இருந்தது. அதில் 230 என்று தெரிந்தது. நகத்தால் தள்ளிப் பார்த்தால் 115.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. படிக்காத ஒருவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். நான் யோசித்தேன்: எத்தனையோ வருஷம் படுத்துக் கிடந்த இயந்திரம், எடுத்த எடுப்பில் முழு மின்சாரத்தையும் தாங்குமா? முதலில் பாதி கொடுத்துப் பார்ப்போம். ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றில் வைத்துவிட்டு மெல்லக் கூட்டுவது மாதிரி. சுவிட்சை 115-க்குத் தள்ளி, பிளக்கைச் செருகிப் போட்டேன்.

வெடித்தது. வெள்ளைப் புகை வந்தது. வீடு முழுக்க மின்சாரம் போனது. அந்த எண் நாம் கொடுக்கும் மின்சாரத்தின் அளவல்ல. சுவரிலிருந்து எவ்வளவு வரும் என்று நாம் அதற்குச் சொல்லிவைக்கும் எண். ‘பாதிதான் வரும்’ என்று நம்பவைத்துவிட்டு முழுசையும் அனுப்பியிருக்கிறேன். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“ஏன்னா, என்ன வெடிச்சது?” என்று சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

“ஒண்ணுமில்லை. பழைய பொட்டி.”

“ஏதாவது நோண்டினேளா?”

“நான் ஏன் நோண்டப் போறேன்? சும்மா போட்டேன்.”

வெடித்ததற்கும் நான் அந்தச் சுவிட்சை மறுபடி 230-க்குத் தள்ளியதற்கும் இடையில் மூன்று விநாடிகூட இருக்காது. பழைய ஆவணங்களில் கை வைத்துத் திருத்துகிறவர்களைக் கண்டித்து நான் வாசகர் கடிதங்களெல்லாம் எழுதியிருக்கிறேன்.

மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைக்காரர்தான் சொன்னார்: “ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு அம்மா கீறாங்க சார். பழசெல்லாம் பண்ணுவாங்க. ஆனா எழுதச் சொல்லி உயிர எடுப்பாங்க.” எழுதுவதா? எனக்கா? சிரித்துக்கொண்டே முகவரி வாங்கினேன்.

செவ்வாய், காலை பத்து நாற்பதுக்குக் கணினியை முழுசாக ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். நோட்டில் ‘தானாக நின்றுவிட்டது’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த அம்மா மூடியைத் திறந்தார், முகர்ந்தார், இடுக்கியால் உள்ளேயிருந்து எதையோ எடுத்து நோட்டின் மேல், அவர் எழுதிய வரிக்குப் பக்கத்தில் வைத்தார். காய்ந்து வற்றலாகிப்போன பல்லி.

“இதான். இதுதான் காரணம். நான் இன்னா பண்ண முடியும்?” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர், விடுதலை கிடைத்தவர்போல.

“நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுதான் கீது. பல்லி ஸ்குரூ டிரைவர் எத்துகினா வந்துச்சு?”

அவர் தலையைக் குனிந்து இன்னொரு வரி எழுதினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்தது நான். மூன்று பக்கம் எழுதினேன். கணினி வாங்கிய வருஷம், வைத்திருந்த அறை, அறையின் ஈரப்பதம், பரணுக்கு ஏறிய மாதம், இறக்கிய நேரம், தூசி தட்டிய பிரஷ்ஷின் அகலம். கடைசி வாக்கியம்: ‘மின்சாரம் கொடுத்த மாத்திரத்தில், காரணம் விளங்காத வகையில், பலத்த ஓசையுடன் செயலிழந்தது.’

அவர் உதடுகள் அசைய ஒரு வரி விடாமல் படித்தார். இவ்வளவு கவனமாக என்னை வேறு யாரும் படித்ததில்லை.

“நல்லா எழுதிகீறீங்க சார். வாத்தியாரா?”

“இல்லை. வங்கியில் இருந்தேன்.”

“அதான் பாத்தேன்.” தகரப் பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்தார். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர் குப்பிகள் மண்டை பிளந்து நின்றன. அவற்றைப் பார்த்தார், பெட்டியைத் திருப்பிச் சிவப்பு சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னும் ஒரு வரி பாக்கி கீது சார்.”

“எல்லாம் எழுதிவிட்டேன்.”

“பெயிண்ட் பிரஷ்ஷு அகலம் வரைக்கும் எழுதிகீறீங்க. பாக்கி ஒண்ணு கீது. ஞாபகம் வந்தா வாங்க.”

“இது அவசரம் அம்மா. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். ஒருவருடைய பிழைப்பு இதில் இருக்கிறது.” இஸ்திரி வண்டிக் கதையைச் சொன்னேன்.

கையை நிறுத்திக் கேட்டார். “அப்போ இன்னும் கண்டிப்பா எழுதணும் சார். மின்னாடி ஒருத்தரு போர்டுல குத்தற ரெண்டு கனெக்டர மாத்திக் குத்திட்டு எங்கிட்ட சொல்லல. நான் சப்ளைய மட்டும் சரி பண்ணி, அவரு குத்தின மாதிரியே குத்தி சுவிட்சு போட்டேன். போர்டு, டிஸ்க்கு எல்லாம் பூட்ச்சு. அவங்க ஆபீஸ் கணக்கு மொத்தம் அதுல. அன்னிலேந்து இந்த நோட்டு. நீங்க இன்னா பண்ணீங்கன்னு தெரிஞ்சாதான், இந்தப் பொட்டியோட போச்சா, உள்ள டிஸ்க்கு வரைக்கும் போச்சான்னு எனக்குத் தெரியும். தெரியாம கரண்ட்டு குடுத்து ஃபைலு பூட்ச்சுன்னா இஸ்திரிக்காரருக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லணுமா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் கேட்டால், பெயிண்ட் பிரஷ்ஷின் அகலம் தெரிந்த மனிதனுக்கு 115 என்றால் என்னவென்று தெரியவில்லை என்று ஒருவர் நினைத்துவிடுவாரே என்பதுதான். அந்த ஒருவர் யார், இனி அவரை எத்தனை தடவை பார்க்கப் போகிறேன் என்பதெல்லாம் மானத்துக்குத் தெரிவதில்லை.

புதன்கிழமை சட்டை கொடுக்கப் போனபோது இஸ்திரிக்காரர் கேட்டார். “சார், பேப்பரு கெடச்சிச்சா?”

“ரிப்பேர்ல இருக்கு. வந்துடும்.”

“பொட்டி இன்னா ஆச்சு சார்?”

“வயசாயிடுச்சு” என்றேன். கணினியின் மேல் பழி போடுவது எளிதாக இருந்தது. அது திருப்பிப் பேசவில்லை.

வியாழன் மறுபடி போனேன். வழியெல்லாம் வாக்கியம் அமைத்து, நோட்டில் என் மூன்று பக்கங்களுக்குக் கீழே எழுதினேன்: ‘சம்பவ நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கியிருக்க வாய்ப்புண்டு.’

படித்தார். “உங்க தெருவுல வேற யார் வூட்லயாவது ஏதாவது போச்சா?”

“இல்லை.”

“உங்க வூட்டு ஃபிரிட்ஜு?”

“ஓடுது.”

“டிவி?”

“ஓடுது.”

“அப்போ கரண்ட்டு மயிலாப்பூர்ல எறங்கி, உங்க பொட்டி அட்ரஸ கேட்டுகினு வந்து ஒதச்சிட்டுப் பூட்ச்சு. அப்டித்தானே?”

பக்கத்துப் பட்டறையில் யாரோ கூப்பிட, “உக்காருங்க, வர்றேன்” என்று போனார். சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கையில் ஒரு பழைய பதிவேடு கிடைத்தால் புரட்டாமல் இருக்க மாட்டேன். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

விதவிதமான கையெழுத்துகள். ‘தானாக நின்றது’, ‘நேற்றுவரை நன்றாக ஓடியது’, ‘நான் ஊரில் இல்லை’. நடுநடுவே ஒரே ஒரு கையெழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பெரிய, உருண்டையான எழுத்து. ‘அவசரத்தில் கெப்பாசிட்டரைத் தலைகீழாக வைத்தேன். வெடித்தது. நான்தான்.’ இன்னொன்று: ‘வேறு அளவு ஃபியூஸ் போட்டேன். சரியானது கடையில் இல்லை என்று போட்டேன். அது தப்பு.’ இன்னொன்று: ‘தூக்கக் கலக்கம். கீழே போட்டேன். வாங்கியவரிடம் சொன்னேன். திட்டினார்.’ கீழே ஒவ்வொன்றிலும் அந்த அம்மாவின் ஒப்பம். எண்ணிப் பார்த்தேன், எண்ணாமல் என்னால் முடியாது. நோட்டில் மற்ற எல்லோரும் ஒப்புக்கொண்ட தப்புகளைக் கூட்டினாலும் அவருடையது அதிகம். ஊரிலேயே மோசமான ரிப்பேர்காரர் அவர்தான் என்று அந்த நோட்டை நம்பி யாராவது முடிவு கட்டலாம்.

அவர் திரும்பி வருவதற்குள் எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தேன், வைத்தேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வியாழன் மதியம் என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மாலை இஸ்திரிக்காரரே மாடியேறி வந்தார். துணி மூட்டையை வைத்துவிட்டு நின்றார்.

“மந்தவெளில ஒரு எடம் கீதுன்னாங்க சார். போய்ப் பாத்தேன். அங்க ஏற்கெனவே ஒருத்தரு நிக்கிறாரு. என்னவிட வயசானவரு. அவர நகருன்னு எப்டி சார் சொல்றது? வந்துட்டேன்.” சற்று நின்று, “நீங்க கீறீங்க, உங்க எழுத்து கீது. எனக்கு இன்னா பயம்?” என்றார். பயப்படுகிறவர்தான் அப்படிச் சொல்வார்.

அவர் இறங்கிப்போன பிறகு மனைவி கேட்டாள். “அந்த அம்மா என்னதான் கேக்கறாளாம்?”

“நான் என்ன பண்ணினேன்னு எழுதணுமாம்.”

“என்ன பண்ணேள்?”

சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். “இதுக்கா நாலு நாள் ஆட்டோல போயிண்டு வந்துண்டு இருக்கேள்?” என்றாள். “எங்கிட்டச் சொல்லியாச்சு, அவகிட்டச் சொல்றதுக்கு என்ன? கார்த்தால முதல் வேலையாப் போங்கோ.”

சனி, காலை ஒன்பது பத்து. பக்கத்து லேத் பட்டறைக்காரர் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. பரீட்சையில் மறைப்பதுபோல் இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு வரி எழுதி, நோட்டைத் தள்ளினேன்.

அந்த அம்மா அதை உரக்கப் படித்தார். “‘மெல்ல ஆரம்பிக்கலாம் என்று எண்ணி, சிவப்பு சுவிட்சை 115-க்குத் தள்ளிப் போட்டேன். வெடித்ததும் 230-க்கு மாற்றி வைத்துவிட்டேன்.’”

லேத் பட்டறைக்காரருக்கு டீ புரையேறியது. “மெல்லவா? எப்பா! மெல்ல ஆரம்பிச்சிகீறாரு!”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “இந்தா, சும்மா கெட. நீ எழுதினத நான் படிக்கட்டா?” என்றார். பட்டறைக்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தார்.

பிறகு அந்த அம்மா மேசைக்கு அடியில் குனிந்து என் தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். திறந்தே இருந்தது. மண்டை பிளந்த குப்பிகளின் இடத்தில் புதியவை. சால்டரிங் புள்ளிகள் மணி மணியாக மின்னின. உட்புறம் துடைத்து, ஃபேனுக்கு எண்ணெய்கூட விட்டிருந்தார்.

“எப்போது செய்தீர்கள்?”

“செவ்வாக்கெழமையே.” ஊசி முனையால் சிவப்பு சுவிட்சின் பள்ளத்தைக் காட்டினார். பல வருஷத் தூசி அங்கே கெட்டித்திருந்தது. நடுவில் மட்டும் சுத்தமான ஒரு கோடு, சுவிட்ச் போய் வந்த தடம். “பாத்தவொடனே தெரியும். ஆனா நான் நெனைக்கிறது வேற, நீங்க சொல்றது வேற சார். என் நெனப்ப நம்பிகினு உங்க டிஸ்க்குக்குக் கரண்ட்டு குடுக்க மாட்டேன். இதுதான்னா பயமில்ல. இந்த வெடிலாம் வாசலோட நின்னுடும், உள்ள போவாது.”

மின்சாரம் வரும் வழியில் ஒரு குண்டு பல்பை வைத்து, முதலில் பெட்டிக்கு மட்டும் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறாம், மங்கினால் நல்லதாம். மெல்ல ஆரம்பிப்பது என்றால் இதுதான் என்று தெரிந்தது. அப்புறம் அதைக் கணினியில் பொருத்தினார். கனெக்டர்களின் கறுப்புக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றனவா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார்.

டிஸ்க் மெல்ல முனகிச் சுழன்றது. திரை வெளிச்சமானது. உள்ளிருந்த சிறு பேட்டரி செத்துப்போயிருந்ததால், இன்று என்ன தேதி என்று அதற்குத் தெரியவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்து ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டியது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. திருத்தத் தொடங்கினேன்.

“தேதி கெடக்குது சார்! ஃபைல தொறங்க!”

திறந்தேன். என் தெரு, வரி வரியாக வந்தது. ஒவ்வொரு கேட்டின் நிறம். ஒவ்வொரு பெயர்ப்பலகை. எங்கள் மூலைக்கு வந்தேன்.

‘வேப்பமரம், ஒன்று. அடிமரச் சுற்றளவு நாலடி. விளக்குக் கம்பம், ஒன்று; மூடி உடைந்தது. தெருவின் அகலம்: முதலில் இருபத்து நாலு அடி வந்தது, டேப் சிக்கியிருந்ததால் திரும்ப அளந்தேன், இருபத்திரண்டு.’

அவ்வளவுதான். அடுத்த வரி அடுத்த வீடு. முன்னும் பின்னும் நகர்த்தினேன். ‘இஸ்திரி’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். இல்லை என்றது கணினி. ‘வண்டி’ என்று தேடினேன். இல்லை.

என் குறிப்பில் விட்டுப்போனது எதுவும் கிடையாது. மரத்தை அளந்திருக்கிறேன். மரத்தடியில் நின்றவரை எழுதவில்லை.

அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“அவரு எங்க சார்?”

“எழுதவில்லை.”

“அங்க இருந்தாரா?”

“இருந்தார். சத்தியமாக இருந்தார்.” எனக்கே என் குரல் ஜெராக்ஸ் கடைக்காரரின் குரல்போலக் கேட்டது.

அவர் திரையில் விரலை வைத்தார். “இந்தத் தெருவு அகலம். நீங்க அளந்தீங்களா?”

“ஆமாம்.”

“ஒண்டியாவா? டேப்போட இந்த மொன நீங்க புடிச்சீங்க. இருவத்திரண்டு அடி. அந்த மொனய யாரு புடிச்சா?”

யார் பிடித்திருப்பார்? ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வேலையாக நின்ற ஒரே மனிதர். ‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்று நான் சொன்னதும், அவர் இஸ்திரிப் பெட்டியைக் கல்லின் மேல் தூக்கி வைத்ததும் கண் முன்னால் வந்தது.

“அவர்தான்” என்றேன். “இரண்டு தடவையும் அவர்தான்.”

“எதுல சிக்கிச்சு?”

“அது நினைவில்லை.”

“உங்களுக்கு நெனப்பு இல்லாததே நல்லது சார். அவருகிட்ட இதப்பத்தி இன்னிக்கு ஒரு வார்த்த பேசாதீங்க. நாளைக்கு எல்லார் மின்னாடியும் கேளுங்க. அவருக்கே தெரிஞ்சிருந்தா சொல்லட்டும். இல்லாட்டி நீங்க ‘நான் எழுதல’ன்னு எழுதிக் குடுங்க.”

திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். கணினியைத் திங்களன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வந்தேன். அன்று மாலை சட்டை கொடுக்கக்கூடக் கீழே இறங்கவில்லை.

ஞாயிறு, காலை பத்து. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இஸ்திரிக்காரர் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நான் படத்தைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் பெரிதாக்கிப் படித்தார்.

“சார், இதுல அவரே இல்லையே?”

“இல்லை. எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதவில்லை. தப்பு என்னுடையது.” கேட்டுக்கு வெளியே நின்றவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. “ஆனால் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவர். அன்றைக்கு இரண்டு தடவை அளந்தோம். ஏன் என்று எனக்கு நினைவில்லை. அவரைக் கேளுங்கள். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.”

செயலாளர் படத்தைத் தன் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்டார். “ஏம்பா, சார் தெருவை அளந்தாராமே. உனக்கு ஞாபகம் இருக்கா?”

“அளந்தாரே சார். நான்தானே புடிச்சேன்.”

“எத்தனை தடவை?”

“ரெண்டு தபா. மொதல்ல அளவு கூட வந்துச்சு. சாரு, வராதே, வராதேன்னு தலைய ஆட்டினாரு. பாத்தா டேப்பு என் வண்டி சக்கரத்த சுத்திகினு போய்கீது. எடுத்துவுட்டு மறுக்கா அளந்தோம். கொறஞ்சிது.”

செயலாளர் படத்தைத் திருப்பினார். ‘டேப் சிக்கியிருந்ததால்’ என்ற இடத்தில் அவர் கண் நின்றது எனக்குத் தெரிந்தது. கோப்பின் தேதி மேலே இருந்தது; அது மட்டும் சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் தலையசைத்தார்.

“சரி. வண்டியைக் கொஞ்சம் மரத்தோட ஒட்டி வெச்சுக்கோப்பா” என்றார் செயலாளர். “அடுத்தது, மொட்டை மாடித் தண்ணித் தொட்டி.”

கூட்டம் முடிந்து மாடியேறப் போனவனை இஸ்திரிக்காரர் மரத்தடியில் நிறுத்தினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, தடுப்பதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டேன்.

“சார், நீங்க எல்லார் மின்னாடியும் உங்க தப்பு சொன்னீங்க. நானும் ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு ரெண்டாவது தபா அளக்கும்போது அவசரத்துல பொட்டிய கல்லு மேல வெக்கல. துணி மேலயே வெச்சிட்டேன். ஒரு சட்ட தீஞ்சிட்சு. உங்க சட்டதான்.”

“எனக்குத் தெரியவே இல்லையே?”

“உள்பக்கம், கீழ, சொருவுற எடத்துல. அங்க மடிச்சிக் குடுத்துட்டேன்.”

“எந்தச் சட்டை?”

“அத சொல்ல மாட்டேன் சார்” என்று பெட்டியில் கரியை ஊதத் தொடங்கினார்.

திங்கள் காலை ஈக்காட்டுத்தாங்கலில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டார். சட்டைக்கு வந்ததும்தான் நிமிர்ந்தார்.

“இருவத்தஞ்சு வருஷமா உங்களுக்குத் தெரியலயா?”

“தெரியவில்லை. எத்தனை வருஷம் அதைப் போட்டேன் என்றும் தெரியவில்லை.”

அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். முழுக்கைச் சட்டையின் நுனியால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறாமையோடுதான், சொன்னார்:

“தொழில் தெரிஞ்ச வேலக்காரர் சார் அவரு.”